ஒரு பல் தள்ளி

ஜூன் 3, செவ்வாய்

திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். நல்ல காற்று. மதியத்துக்குள் காய்ந்துவிட்டன. இவருடைய கண் சொட்டு மருந்து இரண்டையும் எந்த வேளைக்கு எது என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன். என் கணக்கில் ஒரு வேளை தப்பாது. அதனால்தான் இவர் எனக்கு வைத்த பெயரே 'கணக்கம்மா'. கல்யாணமான புதிதில் கேலிக்கு வைத்தது. இப்போது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார் என்று சும்மா இருந்துவிடுவேன்.

நேற்று கண் டாக்டர் சொன்னது: "ரெண்டு கண்ணுலயும் ஓரப் பார்வை போயிருக்கு. போனது திரும்பாது. மருந்தை விடாம போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் ஓட்டாதீங்க." இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

இன்று காலை பின்பக்கம் கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், ஷெட்டைத் திறந்து அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே அது அரைக் கிழவி. மகள் ஆறாவது படிக்கும்போது எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. அன்று தள்ளிக்கொண்டு வந்து போட்டதுதான்.

"என்னங்க இது?"

"எஞ்சினைப் பிரிக்கப் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்குப் பிரிப்பாங்க? திருப்பி மாட்டறதுக்குத்தான்."

ஜூன் 4, புதன்

சாமி, அந்த எஞ்சின் இறுகினது இறுகினபடியே இருக்கட்டும். இதற்குமேல் இன்று கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

நீரேற்று நிலையத்தில் வாழ்நாளெல்லாம் மோட்டார்களோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஆனால் கழற்றுகிற நட்டு பக்கத்தில் விழுந்தால் இவருக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கு நேரே இருப்பதும் மங்கல்தான். பக்கத்தில் இருப்பதோ இல்லவே இல்லை. தரையைக் கையால் தடவித் தடவித் தேடுகிறார். கூப்பிடவும் மாட்டார். பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் நிற்பது? பழைய படுக்கை விரிப்பை ஷெட்டுத் தரையில் விரித்தேன். கழற்றிய வரிசைப்படி ஒவ்வொன்றையும் வைத்து, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். எது எங்கேயிருந்து வந்தது என்று கோட்டுக்குள்ளேயே எழுதினேன்.

"சட்னிக்கு வறுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"உங்களுக்கு மாட்டும்போது தெரியும்."

பிஸ்டன் மட்டும் அசையவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருக்கிறார். ஊறட்டும். நானும் சாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பிஸ்டன் இளகிவிட்டது. ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினார். நாலைந்து தட்டுக்கு ஒன்றுமில்லை, அப்புறம் பிடிவாதம் விட்ட குழந்தை மாதிரி இறங்கியது. இவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். கன்னத்தில் கரி. நானும் சிரித்தேன்.

சாமி, நீ யார் பக்கம்?

ஜூன் 22, ஞாயிறு

நேற்று மகள் போனில். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஷிஃப்டு முடிந்து பேசினாள். பேச்சு எடுத்ததும் சண்டைதான்.

"அப்பாவை இப்படி விட்டுட்டு நீ கோடு போட்டுக் குடுத்துட்டு இருக்கியாம்மா? எனக்குச் சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது. வண்டி ரெடியானா ஓட்டாம இருப்பாரா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்காத. சாவியை எடுத்து ஒளிச்சு வை."

"அந்த வண்டிக்குச் சாவியே கிடையாதுடி. உதைச்சாப் போகும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். போனை வைத்த பிறகு ஷெட்டுக்குப் போய் அந்தக் கிக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 26, வியாழன்

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இவரோடு லேத் பட்டறைக்குப் போனேன். உள்ளே கீறல் விழுந்திருக்கிறது, கொஞ்சம் கடைந்து பெரிசாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட வேண்டுமாம். பட்டறைக்காரர் சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு சார். யாரு ஓட்டப்போறது?" என்றார்.

"நான்தான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தவர் வாசலில் சாத்தியிருந்த ஏணியில் தோளை இடித்துக்கொண்டார். சின்னப் பொருளா அது? ஆள் உயரத்துக்கு மேல். வலது பக்கம் நின்றது, அவ்வளவுதான். "ஏணியை யாருப்பா இங்க வெச்சது" என்று பட்டறைக்காரர் தம் ஆளைத் திட்டினார். ஏணி அங்கேதான் எப்போதும் இருக்கும் போலிருந்தது. அவர் இவருக்காகத் திட்டினார் என்று புரிந்தது. நல்ல மனுஷன்.

பாதி வழிவரை தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் வலது பக்கமாக மாறி நடந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

கடைந்த சிலிண்டர் வந்துவிட்டது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி. இன்று ரிங் வேலை. பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி ரிங்குகள். வளையலில் வெட்டு இருக்கும். அந்த வெட்டின் இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சூட்டில் விரிய இடம் வேண்டும். அளப்பதற்கு மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் எண். இவரால் எண்ணைப் படிக்க முடியவில்லை. தகட்டை முன்னே கொண்டுபோனார், பின்னே கொண்டுபோனார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். கடைசியில் என்னிடம் நீட்டினார்.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும். தசமம் கற்றது மகளுடைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தில், அவள் தூங்கின பிறகு. அந்தத் தசமம் இத்தனை வருஷம் கழித்து ஒரு ரிங்குக்குள் வந்து உட்காரும் என்று யார் நினைத்தார்கள்? நான் படிக்கப் படிக்க இவர் அரத்தால் துளித் துளியாகத் தேய்த்தார்.

"இன்னும் பத்தலை."

"இப்ப?"

"ஒரு மயிரிழை."

"மயிரிழையா, அரை மயிரிழையா? கணக்கம்மான்னு பேரை வெச்சுக்கிட்டுத் தோராயமா சொல்ற."

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும்போது என் விரல்களைத் தன் விரல்களுக்கு மேல் வைக்கச் சொன்னார். அதிகம் விரித்தால் ஒடிந்துவிடும், எவ்வளவு விரிய விடலாம் என்று கையால்தான் தெரியும் என்றார். இரண்டு பேர் கையும் எண்ணெய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி உட்கார்ந்ததில்லை.

வண்டி ஓடக் கூடாது என்பதை அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. உள்ளதை எழுத வேண்டும்.

எஞ்சினின் ஒரு பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டிலும் ஒரு பல்லில் புள்ளி குத்தியிருக்கும். புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேர் சேரும்படி மாட்டினால்தான் வால்வு நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும். சேராவிட்டால் வண்டி கிளம்பாது. இதெல்லாம் காலையில் இவரே எனக்கு விளக்கினார். மாட்டியும் விட்டார். புள்ளி தேய்ந்திருக்கிறது, நகத்துக்கும் அகப்படவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"புள்ளி ரெண்டும் சேந்திருக்கா பாரு."

பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு பல் தள்ளி இருந்தது. ஒரே ஒரு பல்.

எனக்கு அந்த ஏணிதான் தெரிந்தது. ரோட்டில் ஏணி நிற்காது. லாரி வரும், சைக்கிள் வரும், குழந்தை ஓடி வரும்.

"சேந்திருக்கு" என்றேன்.

"கணக்கம்மா சொன்னாச் சரி." மறுபடி கேட்கவில்லை. உடனே மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

சாமி முன்னால் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

முழு எஞ்சினும் வண்டியில் ஏறிவிட்டது. பெட்ரோல் ஊற்றி உதைத்தார். உதைத்தார், உதைத்தார். சைலன்சரில் ஒரு டப். கார்புரேட்டரில் ஒரு தும்மல். அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றினார், பொறி வருகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். வந்தது. வருகிறது என்றேன். பெட்ரோல் வருகிறதா? வருகிறது. கார்புரேட்டரைப் பிரித்து ஊதி மாட்டினார். மறுபடி உதை. எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து, "வண்டி கிளம்பறதுக்குள்ள உன் வீட்டுக்காரர் கிளம்பிருவார் போலிருக்கே" என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

"டைமிங்கா இருக்குமோ?" என்று வாயைத் திறந்தேன். எப்படித்தான் கேட்டேனோ. இவர் அதைக் கேட்டு மூடியைப் பிரிக்கட்டும் என்றுதானே? நானாகச் சொல்லத் தைரியம் இல்லாமல்?

"அது இல்லை. அதை நீதான் பாத்தியே."

மத்தியானம் பாதம் வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

ஜூலை 23, புதன்

வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தால் நிறுத்தச் சொன்னார்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துது. ஏங்க?"

"கண்ணு போச்சு, சரி. கை இருக்குன்னு நெனச்சேன். அதுவும் போச்சு."

ஜூலை 28, திங்கள்

சவரம் இல்லை. சாப்பாடு கேட்பதில்லை, வைத்தால் சாப்பிடுகிறார். நேற்று மாலையும் இன்று காலையும் கண் மருந்துக்குக் கூப்பிட்டால் வரவில்லை. "அப்புறம்" என்கிறார். அப்புறம் என்றால் எப்போது? "போட்டு என்னத்தப் பாக்கப்போறேன்" என்கிறார்.

நான் எதைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னேனோ அது என் கண்ணு முன்னாலயே போயிட்டிருக்கு. ரோட்டுல அடிபட்டுருவாருன்னு பயந்து வீட்டுக்குள்ளயே அடிச்சுப் போட்டுட்டேன். மருந்தை நிறுத்திட்டா இருக்கற பார்வையும் போயிரும்னு டாக்டர் சொன்னார்ல? நான்தானே அதை எழுதிச் சுவத்துல ஒட்டினேன்? நான்தானே?

சாமி, இதை உன்னிடம் சொல்லி ஆகப்போவதில்லை. நான் பொய் சொன்னது உன்னிடம் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் மருந்துப் புட்டியோடு போய் இவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "புள்ளி சேரலைங்க. ஒரு பல் தள்ளி இருந்துது. பாத்துட்டுத்தான் சேந்திருக்குன்னு சொன்னேன்."

இவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, புறங்கை, உள்ளங்கை என்று திருப்பிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் சரியா மாட்டியிருக்கீங்க."

"ரிங்கு?"

"சரி."

"கார்புரேட்டர்?"

"எல்லாம் சரிங்க. அந்தப் பல் மட்டும்தான்."

"பல் மாறி விழறது சகஜம். அதுக்குத்தான் பாக்கச் சொல்றது." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ஏன்?"

"ஓடினா நீங்க ஓட்டுவீங்க."

எழுந்து ஷெட்டுக்குப் போனவர் சாயங்காலம்வரை அங்கேயே இருந்தார். நான் துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். பொழுது சாயும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு பல் தள்ளியிருந்தா வால்வே வளைஞ்சிருக்கும். தெரியுமா?"

"தெரியாது."

"என் கண்ணை உங்கிட்டக் குடுத்தேன். அதை வெச்சே என்னை ஏமாத்திட்ட."

அடுப்பை அணைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

"இனிமே இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லணும். எனக்கு எது நல்லதுன்னு நீயா முடிவு பண்ணிட்டுச் சொல்லக் கூடாது."

"சரிங்க."

"என்னத்த சரி. புட்டி எங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மேலே தூக்கிக்கொண்டார்.

முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. "இதையும் ஒரு பல் தள்ளித்தான் விடுவியா" என்றார்.

அப்போதுதான் அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூடியைத் திறந்தோம். பெரிய சக்கரத்தை வெளியே இழுத்து, ஒரு பல் நகர்த்தி, உள்ளே தள்ளினார். "இப்ப?" பார்த்தேன். "இல்லை, இப்ப அந்தப் பக்கம் ஒண்ணு தாண்டிருச்சு." மறுபடி. "இப்ப?" புள்ளியும் புள்ளியும் மூக்கோடு மூக்கு.

"சேந்திருக்கு."

இவர் மூடியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார். நான் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய், "சத்தியமா" என்றேன். "சத்தியமெல்லாம் வேண்டாம். பாத்துச் சொன்னாப் போதும்" என்று மூடியைப் போட்டார்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? தொம் தொம் என்று, அவசரமே இல்லாமல். ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. விரிப்பில் கிடந்த ஸ்பேனர்கள் துள்ளின. இவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது மாதிரி. எனக்குப் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும்? இருந்தன.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

குளித்து, சவரம் செய்து, ஹெல்மெட்டைத் தேடினார். நானே எடுத்துக் கொடுத்தேன். வண்டியைக் கிளப்பி முன்வாசல்வரை ஓட்டி வந்தார். அது நேர்வழி, பாதகமில்லை. கேட் பூட்டியிருந்தது. என்னைப் பார்த்தார்.

பூட்டின சாவி என் இடுப்பில். மகள் என்ன சொல்வாள், டாக்டர் என்ன சொல்வார், எல்லாம் ஓடியது. இவரைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற என்னால் ஆகாது. அதைச் செய்து பார்த்துவிட்டேன். திறந்தேன். திறந்துவிட்டு ஓரமாகப் போகாமல் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

முன் சக்கரம் ரோட்டைத் தொட்டது. இவர் இடது பக்கம் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார், வலது பக்கம் திருப்பிப் பார்த்தார், நேராகப் பார்த்தார். கிளட்சை விடப்போனவர், விடவில்லை.

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"தபால்காரர். சைக்கிள்ல."

"எங்க?"

"கையை நீட்டினாத் தொடலாம்."

தபால்காரர் ஒரு காலை ஊன்றி நின்று, "போங்க சார், நான் நிக்கிறேன்" என்றார். சத்தம் வந்த பிறகுதான் இவர் முகம் அந்தப் பக்கம் போனது. அப்போதும் கொஞ்சம் தப்பான இடத்தைப் பார்த்தது.

எஞ்சினை நிறுத்தினார். ரோடு எவ்வளவு அமைதியான ரோடு என்று அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு அவர் இல்லவே இல்லை" என்றார். என்னிடம்தான், மெதுவாக. "நான் இப்பத்தான் அந்தப் பக்கம் பாத்தேன். காலி ரோடு."

நான் தோளில் கை வைத்தேன். தபால்காரர் ஒரு பேங்க் கடிதத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு வண்டியை இரண்டு பேருமாகப் பின்னால் தள்ளினோம். நல்ல கனம். இவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அதற்குள் அழுதாரோ என்னவோ, நான் குனிந்து பார்க்கவில்லை. கேட்டை நான் பூட்டவில்லை. சும்மா சாத்தினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது, "மகளுக்கு எப்ப லீவு?" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகள் வந்தாள். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள்தான், ஆனாலும் இந்த வண்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதலில் நிறுத்த வேண்டிய இடத்தில் கியரை மாற்றினாள், மாற்ற வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

"இது வண்டியாப்பா? கண்ணாடில பாத்த வண்டி மாதிரி எல்லாம் இடம் மாறி இருக்கு."

"அது சரியாத்தான் இருக்கு. நீங்கதான் எல்லாரும் மாத்திட்டீங்க."

காலி மைதானத்தில் பழகப் போனார்கள். நான் நடந்து போய் ஓரமாக நின்றேன். பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடு, இப்ப மாத்து, சத்தத்தைக் கேளு" என்று இவர் கத்துவது மைதானம் முழுக்கக் கேட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மகள் இவரை ஆற்றுப் பாலம்வரை கூட்டிப் போய் வந்தாள். போன வாரத்தைவிடத் தூரம். வரும்போது வெயில் ஏறிவிட்டது. மேட்டுத் திருப்பத்தில் வண்டி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கிளிப்பை வாயில் வைத்தபடி நின்று கேட்டேன்.

இவர் இறங்கியதும் முகம் கழுவக்கூடப் போகவில்லை. பல்லிடுக்கில் ஒரு பூச்சி, அதைத் துப்பிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மூணாவது கியர்ல ஒரு முனகல் கேக்குது. இவ இல்லைங்கறா."

"ஒண்ணும் இல்லம்மா, அப்பாவுக்கு வேலை வேணும்" என்றாள் மகள்.

"முனகல்தான்" என்றேன். "மேட்டுல ஏறும்போது அதிகமா இருந்துது. சமதளத்துக்கு வந்ததும் அடங்கிருச்சு."

மகள் இடுப்பில் கை வைத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"அப்போ கியர்பாக்ஸைப் பிரிக்கணும்" என்றார். "நாளைக்கு ஆரம்பிக்கலாமா?"

நாளைக்கு முடியாது, போர்வைகளை ஊறப்போட்டிருக்கிறேன், புதன்கிழமை காலை எனக்குச் சௌகரியம் என்றேன். சரி என்றார்.